ஆற்றின் மேல்திசையில் பிறந்த சுதந்திரம்

காடும் கரையும்: சுரினாம் வரலாற்றுத் தொடர் – பகுதி 3

சென்ற பகுதியை பிரெடா ஒப்பந்தத்தோடு நிறுத்தியிருந்தோம். 1667-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆபிரகாம் கிரைன்சென் என்ற டச்சுத் தளபதி சுரினாம் ஆற்றுக்குள் கப்பல்களோடு நுழைந்து ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தார். அதே ஆண்டு பிரெடா நகரில் சமாதானம் பேசியபோது, அவரவர் கையில் இருப்பது அவரவரிடமே இருக்கட்டும் என்று முடிவானது. டச்சுக்காரர்கள் சுரினாமை வைத்துக்கொண்டார்கள். வட அமெரிக்காவில் அவர்கள் இழந்திருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயரிடமே நின்றது. அதுதான் இன்றைய நியூயார்க். அன்றைய வணிகர்களின் கணக்கில் டச்சுக்காரர்களுக்குத்தான் லாபம். காரணம், கரும்பு.

அந்தக் கரும்பை வெட்டியவர்கள் யார், அவர்களில் தப்பியவர்கள் எங்கே போனார்கள், போன இடத்தில் எதைக் கட்டி எழுப்பினார்கள் என்பதை இந்தப் பகுதியில் பார்ப்போம். சுரினாமுக்குப் போகிற எவரும் தெரிந்துகொண்டு போகவேண்டிய கதை இது. தலைநகரில் இரண்டு நாள் சுற்றிவிட்டு விமானம் ஏறுகிறவர் அந்த நாட்டின் பாதியைக்கூடப் பார்த்தவர் ஆகமாட்டார்.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காகச் சுருக்கமாக நாட்டைச் சொல்லிவிடுகிறேன். தென்னமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் மேற்கே கயானா, கிழக்கே பிரெஞ்சு கயானா, தெற்கே பிரேசில் என்று மூன்று பக்கமும் நிலமும் வடக்கே அட்லாண்டிக் கடலும் சூழ்ந்த நாடு சுரினாம். கண்டத்தின் சுதந்திர நாடுகளில் பரப்பிலும் மக்கள்தொகையிலும் இதுவே சிறியது. பரப்பு சுமார் 1,63,820 சதுர கிலோமீட்டர். மக்கள் ஆறு லட்சத்துக்குச் சற்று மேல். நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காடு. ஆட்சிமொழி டச்சு, கடைத்தெருவில் எல்லோரையும் இணைப்பது சிரானன் என்ற கிரியோல் மொழி. நெதர்லாந்திடமிருந்து விடுதலை பெற்ற நாள் 1975 நவம்பர் 25.

மக்களில் பெரும்பகுதியினர் கடற்கரையை ஒட்டிய குறுகிய பட்டையில்தான் வாழ்கிறார்கள். தெற்கே போகப் போகச் சாலை குறைந்து, ஆறே சாலையாகிறது. நம் கதையும் அந்த வழியிலேயே போகும்.

மரத்தால் ஆன நகரம்

தலைநகர் பரமரிபோ ஆற்றங்கரையில் நிற்கிறது. கீழே சிவப்புச் செங்கல் அடித்தளம், மேலே வெள்ளைப் பலகைச் சுவர், பச்சை வண்ணம் பூசிய கதவு, சன்னல்கள் என்று ஒரே ஒழுங்கில் அமைந்த பழைய மர வீடுகளுக்காகவே இந்நகரின் மையப்பகுதியை 2002-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புனித பேதுரு, பவுல் தேவாலயம் முழுக்க மரத்தால் ஆனது. வண்ணம் பூசாத உட்புறத்தில் மரத்தின் நிறம் அப்படியே தெரியும். கெய்சர் தெருவில் யூதர்களின் தொழுகைக்கூடமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை.

இந்த அழகைப் பார்க்கும்போதே அதன் இன்னொரு பக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். மர நகரம் என்பதால் 1821-இலும் 1832-இலும் பெருந்தீ நகரை விழுங்கியது. 1832 தீக்குக் காரணம் என்று கோஜோ, மென்டோர், பிரசென்ட் என்ற மூன்று அடிமைகளைப் பிடித்து, 1833 ஜனவரி 26 அன்று பொது இடத்தில் உயிரோடு எரித்தார்கள். ஆற்றங்கரையில் இருக்கும் சீலாண்டியா கோட்டை இன்று அருங்காட்சியகம். அன்று அடிமைகளுக்குத் தண்டனை கொடுக்கும் இடமாகவும் இருந்தது. அதே கோட்டையில்தான் 1982 டிசம்பர் 8 அன்று ராணுவ ஆட்சியை எதிர்த்த 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை விரிவாகப் பின்னொரு பகுதியில் எழுதுவேன்.

அமாவாசையும் ஆலையும்

பரமரிபோவிலிருந்து ஆற்றைக் கடந்தால் கொம்மெவைன் மாவட்டம். பழைய தோட்டங்களின் பெயர்கள் ஊர்ப்பெயர்களாக இன்னும் வழங்குகின்றன. இங்கே நிலம் கடல்மட்டத்தை ஒட்டிய சேறு. டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டில் கற்ற வித்தையை இங்கே இறக்கினார்கள்: சதுப்பைச் சுற்றிக் கரை எழுப்பி, உள்ளே கால்வாய் வெட்டி, ஆற்று முகத்தில் மதகு வைத்தார்கள். வித்தை அவர்களுடையது, இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டிய கைகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுடையவை.

கரும்பு பிழியும் ஆலை ஓடியதும் கடலின் ஏற்றவற்றத்தால்தான். ஏற்றத்தின்போது மதகைத் திறந்து கால்வாய்களை நிரப்புவார்கள். வற்றத்தில் ஆற்று மட்டம் இறங்கியதும் தேங்கிய நீரைச் சக்கரத்தின் வழியாக வெளியே விடுவார்கள். சக்கரம் சுற்றும், உருளைகள் கரும்பை நெரிக்கும். ஆலையை நன்றாக ஓட்டும் அளவுக்கு நீர் ஏறி இறங்குவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில்தான். ஆகவே அந்த நாள்களில் ஆலைக்கு இரவு பகல் கிடையாது. வெட்டிய கரும்பு புளித்துப்போகுமுன் சாறு எடுக்கவேண்டும், சாற்றை உடனே காய்ச்சவேண்டும். தூங்காமல் நின்ற அடிமைகளின் கை உருளைக்குள் சிக்கினால், உடல் முழுவதும் இழுபடாமல் இருக்க அந்தக் கையை வெட்டிவிடுவார்கள். 1759-இல் வெளியான வால்டேரின் ‘கான்டீட்’ கதையில் ஒரு கையும் ஒரு காலும் இழந்த அடிமை ஒருவர் வருகிறார். அந்தக் காட்சி நடப்பது சுரினாமில். கை போனது ஆலையில். கால் போனது தப்பி ஓடியதற்குத் தண்டனையாக.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் தோட்டங்களில் 50,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள்; வெள்ளையர்கள் சில ஆயிரம் பேர்தான். அடிமை வணிகம் நடந்த காலம் முழுவதும் சுரினாமுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். 1863-இல் அடிமைமுறை ஒழிந்த அன்று விடுதலையானவர்கள் சுமார் 33,000 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடம்தான் தோட்டத்தின் உண்மையான வரலாறு. பிறந்த குழந்தைகளைவிடச் செத்தவர்கள் அதிகம். செத்தவர்களின் இடத்தை நிரப்பக் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

முடிக்குள் மறைத்த நெல்

தோட்டத்தின் பின்புறம் கரும்பு முடியும் இடத்தில் காடு தொடங்கியது. ஓடியவர்கள் அங்கேதான் ஓடினார்கள். பிடிபட்டால் குதிகால் நரம்பை வெட்டுவார்கள், காலை வெட்டுவார்கள், மரணதண்டனையும் உண்டு. தெரிந்தேதான் ஓடினார்கள். 1690-இல் மச்சாடோ என்ற முதலாளியின் தோட்டத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து காட்டுக்குள் போனார்கள். சாமாக்கா மக்களில் மச்சாவு குலத்தார் தங்கள் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இப்படித் தப்பிப் போய்க் காட்டில் சமூகமாக வாழ்ந்தவர்களைப் பொதுவாக மரூன்கள் என்பார்கள். சுரினாமிய மரூன்களில் ஆறு மக்கள் உண்டு: சாமாக்கா, என்ஜூக்கா, மத்தாவை, க்விண்டி, பரமாக்கா, அலுக்கு. நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மரூன்கள் என்கிறது 2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

காட்டுக்குள் போனவுடன் எழும் முதல் கேள்வி சோறுதான். அதற்கு மரூன் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பதில் ஒன்று உண்டு. ஓடுவதற்கு முன் நெல்மணிகளைத் தலைமுடிப் பின்னலுக்குள் வைத்து மறைத்துக்கொண்டார்கள். சாமாக்கா மக்கள் பான்சா என்ற மூதாட்டியின் பெயரைச் சொல்லி இந்தக் கதையைச் சொல்வார்கள். அவர் காசித்து குலத்தின் தாய். அவர் பெயரிலேயே ஒரு நெல்வகை இன்றும் விளைகிறது. வேறு மூதாட்டிகளின் பெயரிலும் நெல் உண்டு. மரூன்களிடம் குலம் தாய்வழியில்தான் போகிறது. விதைநெல்லும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. ஆகவே ஒரு பிடி விதைநெல்லே குலத்தின் வம்சாவளியாகவும் இருக்கிறது.

இதை வெறும் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. டிண்டே வான் ஆன்டெல் என்ற டச்சுத் தாவரவியலாளர் பரமரிபோவில் மரூன் பெண்கள் கடை வைக்கும் சந்தையில் ஆப்பிரிக்க நெல்லைக் கண்டார். நாம் உண்ணும் ஆசிய நெல் அல்ல, மேற்கு ஆப்பிரிக்காவில் தனியாகப் பயிராக்கப்பட்ட வேறு இனம் அது. மரூன்கள் அதை மூதாதையருக்குப் படைக்கவும் மருந்துக்கும் பயன்படுத்துகிறார்கள். 2016-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, அந்த நெல்லுக்கு மிக நெருங்கிய உறவு ஐவரி கோஸ்ட்டின் மேற்குப் பகுதியில் விளையும் நெல் என்று காட்டியது. பெண்கள் நினைவில் வைத்திருந்ததற்கு நெல்லே சாட்சி சொல்லியிருக்கிறது.

இந்த முன்னோர் காலத்தைச் சாமாக்கா மக்கள் பெசித்தென் என்று அழைக்கிறார்கள். அந்த வரலாற்றை யாரும் கண்ட நேரத்தில், கண்டவரிடம் சொல்வதில்லை. பெரியவர்கள் விடியுமுன், சேவல் கூவும் நேரத்தில், இளையவருக்குத் துண்டு துண்டாகச் சொல்வார்கள். முழுவதையும் ஒருவரே சொல்லமாட்டார். காடு எந்தப் பக்கம், யார் காட்டிக்கொடுத்தார், எந்த ஓடையைக் கடந்து தப்பினார்கள் என்பதெல்லாம் உயிர் காத்த செய்திகள். அடிமைக்காலம் திரும்பி வந்தால் மீண்டும் தேவைப்படும் செய்திகள். மானிடவியலாளர் ரிச்சர்ட் பிரைஸ் இந்தப் பெரியவர்களிடம் கேட்டறிந்ததை டச்சு ஆவணங்களோடு ஒப்பிட்டு 1983-இல் நூலாக்கினார். ஊர்ப்பெயர், ஆள்பெயர், போர் நடந்த இடம் என்று இரு தரப்புச் செய்திகளும் பல இடங்களில் ஒத்துப்போயின. எழுத்து இல்லாமல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றிய வரலாறு அது.

ரத்தம் கலந்த சத்தியம்

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் காலனியின் நிலை மோசமானது. மரூன்கள் தோட்டங்களைத் தாக்கி, துப்பாக்கியும் கோடரியும் எடுத்துக்கொண்டு, உறவினர்களையும் விடுவித்துக்கொண்டு போனார்கள். பின்தொடர்ந்த படைகள் சதுப்பிலும் காய்ச்சலிலும் அழிந்தன. ஒவ்வொரு படையெடுப்புக்கும் ஆன செலவு தோட்ட முதலாளிகளின் தலையில் விழுந்தது. 1749-இல் கவர்னர் மவுரீசியஸ் சாமாக்காக்களோடு செய்ய முயன்ற சமாதானம் தோற்றது.

1757-இல் தெம்பாத்தி ஓடைப் பகுதியின் மரம் வெட்டும் தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்து என்ஜூக்காக்களோடு சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பாஸ்டன் பாண்ட். ஜமைக்காவில் அடிமையாக இருந்தவர், ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர். ஜமைக்காவின் மரூன்கள் 1739-இல் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்து தங்கள் சுதந்திரத்தை எழுத்தில் வாங்கியிருந்தார்கள். அதே போல எங்களுக்கும் வேண்டும் என்று கடிதம் எழுதி, வெள்ளையர்கள் கண்ணில் படும் இடத்தில் விட்டுச் சென்றார் அவர். அடிமைகளுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த காலனியில் பேச்சுவார்த்தையைத் தொடங்கி வைத்தது ஒரு முன்னாள் அடிமையின் கடிதம்.

பேச்சு எளிதாக நடக்கவில்லை. வெள்ளையர் அனுப்பிய பரிசுகளில் கத்தரிக்கோல், சீப்பு, சிறு கண்ணாடி போன்றவை இருந்ததையும் வெடிமருந்து இல்லாததையும் கண்டு மரூன் தலைவர்கள் கோபமடைந்ததைப் பிற்காலத்தில் ஜான் கேப்ரியல் ஸ்டெட்மன் என்ற அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். நாங்கள் குழந்தைகள் அல்ல என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். வெள்ளையர்கள் தங்கள் முறைப்படி செய்த சத்தியத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. தினமும் கடவுள் பெயரால் சத்தியம் செய்து தினமும் அதை மீறுகிறவர்களை அவர்கள் தோட்டத்தில் அருகிலிருந்தே பார்த்திருந்தார்கள். இரு தரப்பாரின் ரத்தத்திலும் சில துளி எடுத்து, நீரும் மண்ணும் கலந்து, சுரைக்குடுவையில் ஊற்றி எல்லோரும் குடித்த பிறகுதான் ஒப்பந்தம் ஒப்பந்தம் ஆனது.

1760 அக்டோபர் 10 அன்று என்ஜூக்காக்களோடு சமாதானம் கையெழுத்தானது. 1762 செப்டம்பர் 19 அன்று சாமாக்காக்களோடு. 1767-இல் மத்தாவைகளோடு. அமெரிக்க ஐக்கிய நாடுகள் சுதந்திரப் பிரகடனம் செய்வதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் ஒரு ஐரோப்பிய அரசைப் பேச்சுக்கு இழுத்துத் தங்கள் சுதந்திரத்தை எழுத்தில் பெற்றுவிட்டார்கள். காலனியின் மற்ற அடிமைகள் விடுதலை பெற அதற்குப் பிறகும் நூறு ஆண்டுகள் ஆயின. அக்டோபர் 10 இன்று மரூன் தினம், தேசிய விடுமுறை.

ஒப்பந்தத்தின் விலை

சுதந்திரம், வாழும் நிலம், குறித்த காலத்துக்கு ஒருமுறை துணி, இரும்புச்சாமான், உப்பு, துப்பாக்கி, வெடிமருந்து ஆகியவை மரூன்கள் பெற்றவை. பதிலுக்கு அவர்கள் கொடுத்தது மனதை வருத்துவது. இனிமேல் தோட்டங்களிலிருந்து தப்பி வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று பரிசு. தோட்டங்களிலிருந்து விலகியே ஊர் அமைக்க வேண்டும். இத்தனை பேர்தான் நகரத்துக்கு வந்து வியாபாரம் செய்யலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது.

முன்னே ஓடியவர்களுக்குத் திறந்த கதவை, பின்னே ஓடிவருகிறவர்கள் முகத்தில் சாத்தும்படி செய்தது அரசு. எல்லோரும் அந்தச் சொல்லைக் காப்பாற்றவில்லை. மறைத்து வைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு, பிடித்துக் கொடுத்தவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தே வரலாறு எழுத வேண்டும். போரில் களைத்த சிறு சமூகம் தன் பிள்ளைகளின் உயிருக்காக ஒப்புக்கொண்ட விலை அது. அந்த விலையை நிர்ணயித்தவர்கள் தோட்ட முதலாளிகள்.

ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றவர்கள் போனி என்பவரின் தலைமையில் கொத்திக்கா ஆற்றுப் பக்கம் போரிட்டார்கள். சதுப்பின் நடுவே புக்கு என்ற கோட்டை கட்டினார்கள். நீருக்கடியில் மறைந்திருந்த பாதை தெரிந்தவர்தான் உள்ளே போகமுடியும். 1772-இல் அரசு 300 அடிமைகளை விலைக்கு வாங்கி, விடுதலை தருவதாகச் சொல்லி, சிவப்புத் தொப்பி கொடுத்து போனியின் ஆட்களுக்கு எதிராக இறக்கியது. அந்தப் படைதான் புக்குவைப் பிடித்தது. 1773-இல் கர்னல் ஃபூர்ஷூ தலைமையில் நெதர்லாந்திலிருந்து வந்த படையில் ஸ்டெட்மனும் ஒருவர். உடன் வந்த வீரர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பவில்லை. 1796-இல் அச்சான ஸ்டெட்மனின் நூலுக்குச் சில படங்களைச் செதுக்கியவர் கவிஞர் வில்லியம் பிளேக். எதிரியாக வந்த படை அதிகாரியின் எழுத்தே அடிமைமுறையின் கொடுமையை ஐரோப்பாவுக்குக் காட்டியது. போனி 1793-இல் கொல்லப்பட்டார். அவருடைய மக்களான அலுக்குகள் மரோவைன் ஆற்றைக் கடந்து இன்று பெரும்பாலும் பிரெஞ்சு கயானாவில் வாழ்கிறார்கள்.

1863 ஜூலை 1 அன்று அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அந்த நாளைக் கெத்தி கோத்தி என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். நெதர்லாந்து அரசு ஒரு அடிமைக்கு 300 கில்டர் வீதம் நட்டஈடு கொடுத்தது. வாங்கிக்கொண்டவர்கள் முதலாளிகள். விடுதலையானவர்கள் மேலும் பத்து ஆண்டுகள் அரசின் மேற்பார்வையில் தோட்டங்களிலேயே ஒப்பந்த வேலை செய்யவேண்டியிருந்தது.

மூழ்கிய ஊர்கள்

ஆற்றின் மேல்திசையில் வாங்கிய சுதந்திரம் இரண்டு நூற்றாண்டு நின்றது. அதன்மேல் பேரடி விழுந்தது 1964-இல். சுரினாமின் மண்ணில் பாக்சைட் நிறைய. அதை அலுமினியமாக உருக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். 1958-இல் அரசும் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனத்தின் கிளையும் ஒப்பந்தம் செய்துகொண்டு, சுரினாம் ஆற்றின் குறுக்கே அஃபோபாக்காவில் அணை கட்டின. 1964-இல் நீர் தேங்கத் தொடங்கியது. சாமாக்கா நிலத்தில் ஏறத்தாழ பாதி பிரோக்கோபோண்டோ நீர்த்தேக்கத்துக்குள் போனது. சுமார் 6,000 பேர் ஊர் இழந்தார்கள். மூதாதையர் கல்லறைகள், வழிபாட்டு இடங்கள், தோப்புகள், கான்சே போன்ற பெரிய ஊர்கள் எல்லாம் நீருக்கடியில்.

மூழ்கும் காட்டிலிருந்து விலங்குகளைக் காப்பாற்ற ஒரு குழு வந்தது. சுமார் பத்தாயிரம் விலங்குகளைப் பிடித்துக் கரை சேர்த்தார்கள். நல்ல பணிதான். ஆனால் 1762-இல் ரத்தம் கலந்து உறுதி தந்த நிலம் போகிறதே என்று அந்த மக்களிடம் அனுமதி கேட்டவர் ஒருவரும் இல்லை. இன்றைக்கு நீர்த்தேக்கத்தில் படகில் போகிறவர்கள் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட மரங்களைப் படமெடுக்கிறார்கள். அவை ஒரு மக்களின் காட்டுமரங்கள் என்பதை அறிந்து எடுக்கட்டும்.

அச்சோனித் துறை

பரமரிபோவிலிருந்து தெற்கே வரும் சாலை முடியும் இடம் அச்சோனி. மேல் சுரினாம் ஆற்று ஊர்களுக்குப் போகும் பெரும்பாலோர் இங்கேதான் தோணி ஏறுகிறார்கள். அரிசி மூட்டை, எரிவாயு உருளை, பெட்ரோல் பீப்பாய், பள்ளிப் பிள்ளைகள் என்று துறை எப்போதும் பரபரப்பாக இருக்கும்.

1986-இல் ராணுவத்துக்கும் மரூன் இளைஞர்கள் நிறைந்த காட்டுப்படைக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. 1992 வரை நீடித்தது. காட்டுப்படையின் தலைவர் ரோனி பிரன்ஸ்வைக், 2020-இல் நாட்டின் துணை அதிபரானார். போரின் நடுவில், 1987 டிசம்பர் 31 அன்று, இந்த அச்சோனித் துறையில் ராணுவத்தினர் ஆயுதம் ஏதும் இல்லாத சாமாக்கா ஆண்களைப் பிடித்து அடித்தார்கள். ஏழு பேர் கொல்லப்பட்டார்கள்.

அலோபூட்டு வழக்கு என்று அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்துக்கு அது போனது. சாமாக்காக்களின் தன்னாட்சி உரிமைக்குச் சான்றாக 1762 ஒப்பந்தம் அங்கே எடுத்துவைக்கப்பட்டது. 1993-இல் நீதிமன்றம் அதைப் படித்துவிட்டு, தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் ஓர் ஆவணத்தை மனித உரிமை நீதிமன்றத்தில் காட்ட முடியாது, அது செல்லாது என்றது. தோட்ட முதலாளிகள் திணித்த நிபந்தனை, இருநூற்று முப்பது ஆண்டு கழித்து, அந்த நிபந்தனைக்கு இரையானவர்களின் பேரப்பிள்ளைகளையே தாக்கியது. ஆனாலும் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. இழப்பீட்டைப் பங்கிடும்போது சாமாக்காக்களின் சொந்தக் குடும்ப வழக்கத்தையும் கருத்தில் கொண்டது.

அதோடு நிற்கவில்லை சாமாக்காக்கள். வெளிநாட்டு மரக் கம்பெனிகள் தங்கள் காட்டில் வெட்டத் தொடங்கியதும் ஊர்த்தலைவர்கள் ஒன்றுகூடி, தாங்களே காட்டை அளந்து வரைபடம் தயாரித்தார்கள். 2007 நவம்பர் 28 அன்று அதே நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது: நிலம் அவர்களுடையது, எல்லை குறித்துப் பட்டா கொடு, பெரிய திட்டம் என்றால் அவர்களின் சம்மதம் இல்லாமல் தொடாதே. இந்தப் போராட்டத்துக்காக வான்சே எட்வர்ட்ஸ், ஹியூகோ ஜபினி இருவருக்கும் 2009-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. தீர்ப்பின்படி நிலத்துக்கு எல்லை குறித்துக் கொடுக்கும் வேலையை மட்டும் அரசுகள் பல ஆண்டுகளாக இழுத்தடித்து வருகின்றன.

போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நீண்ட வறண்ட பருவம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குறுகிய வறண்ட பருவம். ஆற்றில் நீர் குறைந்தால் பாறைகள் தலைகாட்டும். தோணியின் முனையில் ஒருவர் கழியோடு நின்று வழி பார்த்துச் சொல்ல, பின்னால் மோட்டார் பிடித்தவர் வளைத்து வளைத்து ஏற்றுவார். சில இடங்களில் இறங்கி நடக்கவேண்டி வரலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். அங்கிருந்து இந்தியா திரும்பும்போது விமானநிலையத்தில் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். காட்டுப்பகுதிக்குப் போகுமுன் மலேரியா பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாலையில் நம் ஊரைப் போலவே இடதுபக்கம் ஓட்டுகிறார்கள்.

ஊருக்குள் நுழையும் வழியில் இரண்டு கம்பங்களுக்குக் குறுக்கே பனை ஓலைத் தோரணம் தொங்கும். தீமை ஊருக்குள் வராமல் காப்பது அது. குனிந்து அதன் கீழே நடந்து போங்கள். ஓரமாகச் சுற்றிப் போகாதீர்கள். ஊர்த்தலைவரைக் கபிதேனி என்பார்கள். முதலில் அவரைப் பார்த்து வணக்கம் சொல்வது முறை. சாமாக்கா மக்கள் அனைவருக்கும் தலைவர் காமா. அவர் இருக்கும் ஊர் அசிந்தோப்போ. வழிபாட்டு இடங்களையும் ஆற்றில் குளிப்பவர்களையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள். பிக்கின் ஸ்லீ ஊரில் சாமாக்காக்கள் தாங்களே நடத்தும் அருங்காட்சியகம் உண்டு. ஆண்கள் மனைவிக்காகச் செதுக்கிக் கொடுக்கும் சீப்பு, துடுப்பு, முக்காலி, பெண்கள் கைத்தையல் போட்ட இடுப்புத் துணி எல்லாவற்றையும் நின்று பாருங்கள். வாங்குவதாக இருந்தால் செய்தவர் கையிலேயே பணம் கொடுங்கள். ஊர்க்காரர்கள் நடத்தும் விடுதியில் தங்குங்கள்.

இவை வெறும் மரியாதைக்காகச் சொல்வன அல்ல. அரசு இன்னும் பட்டா தராத நிலத்தில், அது தங்களுடையது என்பதற்கு அந்த மக்களிடம் இருக்கும் சான்று அங்கே அவர்கள் தொடர்ந்து வாழ்ந்துவரும் வாழ்க்கைதான். அனுமதி கேட்டு நுழையும் ஒவ்வொரு விருந்தாளியும் அந்த உரிமையை ஏற்றுக்கொள்கிறார். 1964-இல் யாரும் கேட்காத அனுமதியை நாமாவது கேட்போம்.

அடுத்த பகுதியில் கடற்கரைக்குத் திரும்புவோம். பத்து ஆண்டு மேற்பார்வை முடிந்து விடுதலையானவர்கள் தோட்டங்களை விட்டு வெளியேற, முதலாளிகள் கூலியாள் தேடிக் கல்கத்தாவுக்குப் போனார்கள். 1873 ஜூன் 5 அன்று ‘லாலா ரூக்’ கப்பலில் வந்து இறங்கிய போஜ்புரி பேசும் மக்களின் கதை, 1902-இல் மரியென்புர்க் சர்க்கரை ஆலையில் கூலி கேட்டவர்கள்மேல் துப்பாக்கி பேசிய கதை இரண்டும் அதில் வரும்.

(தொடரும்)